பக் ஓநீல்: மாணவர்களை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நின்றவர்



சென்ற முறை அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு பழைய மாணவி, "டீச்சர், பெரிய லீக்கில் கறுப்பினத் தடையை உடைத்த ஆட்டக்காரர் ராபின்சன் என்றால், முதல் கறுப்பினக் கோச் யார்?" என்று கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. பதில்: பக் ஓநீல், 1962, சிகாகோ கப்ஸ் அணி.

பரீட்சைக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் அந்த மனிதருக்கு அது போதாது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். டீ எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு முதலில் இரண்டு வரி. நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரியான ஆட்டம். உருண்டை மட்டை. அடித்தவர் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ் என்று சுற்றி ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன். அடிக்கும் அணியின் கோச்சுகள் இரண்டு பேர் மைதானத்துக்குள்ளேயே, முதல் பேஸ் பக்கம் ஒருவர், மூன்றாம் பேஸ் பக்கம் ஒருவர் என்று நின்று, "ஓடு", "நில்" என்று சைகை காட்டுவார்கள். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஜான் ஜோர்டன் ஓநீல் பிறந்தது 1911 நவம்பர் 13, ஃபுளோரிடா மாநிலத்தில் கேரபெல் என்ற சிற்றூரில். பக் என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்ட பெயர். அவருடைய தாத்தா அடிமையாக இருந்தவர். பேரனுக்கும் அடிமைக் காலத்துக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு தலைமுறைதான். குடும்பம் சரசோட்டா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே செலரி பயிரிடும் வயல்கள். அப்பா அந்த வயலில் வேலை பார்த்தார், பையனும் பள்ளி போக மீதி நேரத்தில் பெட்டி தூக்கினான்.

ஒரு நாள் கொளுத்தும் வெயிலில், இதைவிட நல்ல பிழைப்பு எங்கேயாவது இருந்தாகவேண்டும் என்று பையன் வாய்விட்டுச் சொன்னானாம். பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் இருந்த அப்பா காதில் அது விழுந்துவிட்டது. அடி விழும் என்று நடுங்கினான். ஆனால் அப்பா, இருக்கிறது, ஆனால் இங்கே கிடைக்காது, நீதான் தேடிப் போகவேண்டும் என்றாராம். தன் வாழ்க்கையின் முதல் பாடம் இது என்று ஓநீல் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

போவது என்றால் எங்கே போவது? சரசோட்டாவில் உயர்நிலைப்பள்ளி இருந்தது. ஆனால் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும். கறுப்பினப் பிள்ளைகளுக்கான உயர்நிலைப்பள்ளிகளை ஃபுளோரிடா மாநிலம் முழுவதிலும் விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பள்ளியைத் தினமும் பார்த்துக்கொண்டே வளர்ந்து, உள்ளே போக முடியாமல், ஜாக்சன்வில் நகரில் கறுப்பினத்தவருக்கான எட்வர்ட் வாட்டர்ஸ் கல்லூரிக்குப் போனார். நன்றாக பேஸ்பால் ஆடியதால் கிடைத்த இடம் அது. அங்கேதான் பள்ளிப்படிப்பை முடித்து, கல்லூரியிலும் இரண்டு வருடம் படித்தார்.

பேஸ்பாலிலும் இதே கதைதான். 1880களிலிருந்து 1947 வரை பெரிய லீக் அணிகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அப்படி ஒரு சட்டம் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லா முதலாளிகளும் கடைப்பிடித்தார்கள். எழுதிய சட்டத்தை எதிர்த்து வழக்காவது போடலாம். எழுதாத சட்டத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

கறுப்பின மக்கள் தங்களுக்கென்று தனி லீக் தொடங்கினார்கள். 1920இல் கான்சஸ் சிட்டியில் ஒரு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் கூடி, ரூப் ஃபாஸ்டர் என்பவர் தலைமையில் நீக்ரோ நேஷனல் லீக்கை உருவாக்கினார்கள். 'நீக்ரோ' என்ற சொல்லை இன்று யாரும் பயன்படுத்தக்கூடாது. அன்று லீக்கின் பெயரே அதுதான் என்பதால் எழுதுகிறேன். அதன் பிறகு இப்படிப் பல லீக்குகள் வந்தன.

ஓநீல் 1934இல் வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் ஊராகச் சுற்றி ஆடும் அணிகளில் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்காக ஆட்டக்காரர்கள் என்னென்ன செய்யவேண்டியிருந்தது தெரியுமா? 'ஜூலு கேனிபல் ஜயன்ட்ஸ்' என்று ஒரு அணி. புல்லில் செய்த பாவாடையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, காட்டுவாசி வேடத்தில் ஆடவேண்டும். 1937இல் கொஞ்ச நாள் ஓநீல் அதிலும் ஆடினார். நல்ல ஆட்டக்காரன் என்று அவனைப் பார்க்கக் கூட்டம் வராது, கோமாளி என்றால் காசு கொடுத்து வரும் என்ற காலம்.

1938இல் கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியில் சேர்ந்தார். அங்கிருந்து வாழ்க்கை மாறியது. கறுப்பின அணிகளிலேயே பெயர் பெற்ற அணி அது. முதல் பேஸில் நிற்பது ஓநீலின் இடம். சாச்சல் பெய்ஜ் என்ற மகா பந்துவீச்சாளர் அவருடைய அணித் தோழர், பேருந்தில் கூடவே பயணம் செய்த நண்பர். எதிரணியில் ஜோஷ் கிப்சன் என்ற மட்டையாளர். 1942இல் மோனார்க்ஸ் அணி கிப்சனின் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியை வென்று கறுப்பின லீக்குகளின் உலகத் தொடர் கோப்பையைப் பிடித்தது.

அந்தத் தொடரில் நடந்த ஒன்றை ஓநீல் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பார். பெய்ஜ் வேண்டுமென்றே இரண்டு பேரை அடிக்கவிடாமல் பேஸுக்கு அனுப்பி, மூன்று பேஸிலும் ஆள் நிற்க வைத்துவிட்டு, கிப்சனை வரவழைத்து, அவருக்கு எந்தப் பந்து வரப்போகிறது என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மூன்று பந்தில் அவுட்டாக்கினாராம். முதல் பேஸில் நின்று தலையில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓநீல்.

சிரிப்பில்லாத கதை ஒன்றும் உண்டு. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் என்ற ஊருக்கு ஆடப் போனபோது, தங்குமிடம் தயாராக இல்லை. பெய்ஜ் அவரை அழைத்துக்கொண்டு முற்காலத்தில் அடிமைகளை ஏலம்விட்ட இடத்துக்குப் போனார். இருவரும் பத்து நிமிடம் பேசாமல் நின்றார்கள். பிறகு பெய்ஜ், இங்கே நான் முன்பே வந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றாராம். எனக்கும்தான் என்றாராம் ஓநீல். அவர்கள் இருவரும் அதற்கு முன் அந்த இடத்துக்கு வந்ததே இல்லை.

இரண்டாம் உலகப்போரில் ஓநீல் கடற்படைக்குப் போய், பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாவில் பணிபுரிந்தார். ஜாக்கி ராபின்சனை டாட்ஜர்ஸ் நிறுவனம் ஒப்பந்தம் செய்துவிட்டது என்ற செய்தி 1945 அக்டோபரில் அங்கேதான் வந்து சேர்ந்தது. ராபின்சன் அந்த வருடம் ஆடியது ஓநீலின் அதே மோனார்க்ஸ் அணியில். 1946இல் ஓநீல் ஊர் திரும்பினார். அந்த ஆண்டே நீக்ரோ அமெரிக்கன் லீக்கில் மட்டையடி சராசரியில் முதலிடம் பெற்றார். அதே வருடம் ஓரா என்ற பள்ளி ஆசிரியையைத் திருமணம் செய்துகொண்டார். (நம் இனத்தைச் சேர்ந்தவர்! இது எனக்குத் தனி மகிழ்ச்சி.)

1947இல் ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களம் இறங்கினார். கதவு திறந்தது. அப்போது ஓநீலுக்கு வயது முப்பத்தைந்து. பெரிய லீக் அணிகள் தேடியது இளம் பையன்களை. நாற்பது வயதைத் தாண்டிய பெய்ஜுக்குக்கூட அவர் பெயர் காரணமாக 1948இல் அழைப்பு வந்தது. ஓநீலுக்கு வரவில்லை.

அவர் என்ன செய்தார்? 1948இல் மோனார்க்ஸ் அணிக்கு ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் பொறுப்பேற்றார். தான் போகமுடியாத இடத்துக்குப் போகவேண்டிய பையன்களைத் தயார் செய்தார். எர்னி பேங்க்ஸ் அவரிடம் வளர்ந்து 1953இல் சிகாகோ கப்ஸ் அணிக்குப் போனார். அங்கே 512 ஹோம் ரன் அடித்தார். எல்ஸ்டன் ஹவர்ட் அவரிடமிருந்து போய், 1955இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் முதல் கறுப்பின ஆட்டக்காரர் ஆனார்.

இதில் ஒரு வேதனையையும் கவனிக்கவேண்டும். நல்ல பையன்கள் எல்லாரும் பெரிய லீக்குக்குப் போகப் போக, பார்வையாளர்களும் அவர்கள் பின்னாலேயே போனார்கள். கறுப்பின லீக்குகள் மெல்ல மெல்ல அழிந்தன. பேங்க்ஸையும் ஹவர்டையும் மேலே அனுப்பியபோது, தான் நின்றுகொண்டிருந்த தரையையே ஓநீல் கொடுத்துக்கொண்டிருந்தார். அது தெரிந்துதான் கொடுத்தார்.

1955 சீசனோடு மோனார்க்ஸை விட்டு விலகி, கப்ஸ் அணிக்கு ஸ்கவுட் ஆனார். ஸ்கவுட் என்றால் ஊர் ஊராகப் போய் பள்ளி, கல்லூரி மைதானங்களில் திறமையான பிள்ளைகளைக் கண்டுபிடித்து அணியில் சேர்ப்பவர். இந்த வேலையில் நடந்த இரண்டு கதைகளைச் சொல்கிறேன். எனக்கு இரண்டும் பாடப்புத்தகம் மாதிரி.

முதலாவது, பில்லி வில்லியம்ஸ். அலபாமா மாநிலத்தில் விஸ்லர் என்ற ஊர்க்காரர். 1959இல் கப்ஸின் கீழ்நிலை அணிக்காக டெக்சாஸில் ஆடிக்கொண்டிருந்தார். நன்றாகவே ஆடினார். ஆனால் வெள்ளைத் தோழர்கள் சாப்பிடும் உணவகத்தில் அவருக்குச் சாப்பாடு கிடையாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். கப்ஸ் நிர்வாகம் ஓநீலை அனுப்பியது.

ஓநீல் அந்த வீட்டுக்குப் போய் புத்தி சொல்லவில்லை. திட்டவும் இல்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஊர்க்கதை பேசினார். பிறகு பில்லியை ஊர் மைதானத்துக்கு அழைத்துப் போனார். அங்கே விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் ஓடிவந்து மொய்த்துக்கொண்டு, அண்ணா, அங்கே எப்படி இருக்கும், எங்களுக்கும் அங்கே ஆட ஆசை என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பில்லிக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் போனார். 1961இல் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருது, மொத்தம் 426 ஹோம் ரன், 1987இல் பேஸ்பாலின் மிக உயர்ந்த கௌரவமான ஹால் ஆஃப் ஃபேம்.

பள்ளியைவிட்டு நின்ற பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போன அனுபவம் உள்ள ஆசிரியர்கள் இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்கள். வாசலில் நின்று அறிவுரை சொன்னால் பிள்ளை வராது. நாம் கொஞ்சம் பேசாமல் இருந்தால், மற்ற பிள்ளைகள் அழைத்து வந்துவிடுவார்கள்.

இரண்டாவது, லூ பிராக். லூசியானாவில் ஏழை விவசாயக் குடும்பத்துப் பையன். பள்ளியில் எச்சில் காகித உருண்டை எறிந்து அது ஆசிரியை மேல் பட்டுவிட, தண்டனையாக பேஸ்பால் வீரர்களைப் பற்றிப் படித்துவிட்டு வகுப்பில் பேசவேண்டும் என்று சொல்லிவிட்டார் அந்த அம்மா. ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாட்டுக்கே தினமும் தனியாகப் பணம் தருவார்கள் என்று அப்போதுதான் பையனுக்குத் தெரிந்தது. ஆசை அங்கே பிறந்தது. தண்டனை என்றால் இப்படி அல்லவா இருக்கவேண்டும்! அந்தப் பையன் கல்லூரியில் ஆடுவதைப் பார்த்து, 1960இல் கப்ஸில் சேர்த்தவர் ஓநீல். பிராக் பிற்காலத்தில் 938 பேஸ்களைத் 'திருடி' அன்றைய சாதனையைப் படைத்தார். 1985இல் அவரும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்.

இனி மாணவி கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

1962 மே மாதம் கப்ஸ் அணி ஓநீலைக் கோச்சாக அறிவித்தது. பெரிய லீக் வரலாற்றில் முதல் கறுப்பினக் கோச். பத்திரிகைகளில் படம் வந்தது. அந்த அணியில் அப்போது ஒரு விநோத ஏற்பாடு. மேலாளர் என்று ஒருவர் கிடையாது. பல கோச்சுகள், முறைவைத்து ஒவ்வொருவராகத் தலைமைக் கோச் ஆவார்கள். ஆனால் ஓநீலுக்கு மட்டும் அந்த முறை வரவே வராது என்பது தெளிவாக இருந்தது. தலைமை மட்டுமல்ல, முதலில் சொன்னேனே, மைதானத்துக்குள் பேஸ் அருகே நின்று சைகை காட்டும் வேலை, அதுவும் கிடையாது.

ஹூஸ்டனில் ஒரு ஆட்டம். நடுவரோடு தகராறு செய்ததற்காக கப்ஸ் கோச்சுகள் இருவர் வெளியேற்றப்பட்டார்கள். மூன்றாம் பேஸ் அருகே நிற்க ஆள் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் ஓநீல். எட்டு ஆண்டுகள் ஓர் அணியை நடத்திய அனுபவம். இப்போதாவது கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். கூப்பிடவில்லை. மைதானத்தின் கோடியில் பந்துவீச்சாளர்களோடு இருந்த கோச்சை அவ்வளவு தூரத்திலிருந்து வரவழைத்து நிறுத்தினார்கள்.

அந்த வருடம் கப்ஸ் அணி 103 ஆட்டங்களில் தோற்றது. 103 தோல்வியைத் தாங்கிக்கொள்ள முடிந்தவர்களால், ஒரு கறுப்பினத்தவர் மூன்றாம் பேஸ் அருகே நிற்பதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பெரிய லீக்கில் முதல் கறுப்பின மேலாளர் வர 1975 ஆயிற்று. கிளீவ்லாந்து அணியின் ஃபிராங்க் ராபின்சன்.

நம் ஊர்ப் பள்ளிகளில் 'பொறுப்புத் தலைமையாசிரியர்' என்று ஒன்று உண்டு. எல்லா வேலையும் செய்யலாம், ஆனால் ஆணை கையில் வராது. அப்படி வருடக்கணக்கில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு சக ஆசிரியையை எனக்குத் தெரியும். அவருடைய பிரிவுபசார விழாவில் எல்லாரும் பேசியது அவருடைய பொறுமையைப் பற்றி. ஏன் ஆணை வரவில்லை என்று ஒருவரும் பேசவில்லை. ஓநீலின் கதையைப் படித்தபோது அந்த விழாதான் ஞாபகம் வந்தது.

ஓநீல் சில காலத்துக்குப் பின் ஸ்கவுட் வேலைக்கே திரும்பினார். கப்ஸில் 1988 வரை, பிறகு கான்சஸ் சிட்டி ராயல்ஸ் அணியில். 1990இல் கான்சஸ் சிட்டியில் கறுப்பின லீக்குகளுக்கு ஒரு அருங்காட்சியகம் தொடங்கியபோது, அதன் முகமே அவர்தான். 1994இல் கென் பர்ன்ஸ் எடுத்த பேஸ்பால் ஆவணப்படத்தில் எண்பத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவர் கண்ணில் ஒளியோடு பழைய கதைகளைச் சொன்னபோது, அமெரிக்காவே அவரைத் திரும்பிப் பார்த்தது. மறு ஆண்டு, முன்பு உள்ளே விடாத அந்த சரசோட்டா உயர்நிலைப்பள்ளி அவருக்கு கௌரவச் சான்றிதழ் வழங்கியது. பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகள் வாங்கும் சான்றிதழை எண்பது தாண்டியவர் வாங்கினார்.

தாமதமாகப் பிறந்திருந்தால் நீங்களும் பெரிய லீக்கில் ஆடியிருப்பீர்களே என்று யாராவது பரிதாபப்பட்டால் அவருக்குப் பிடிக்காது. நான் சரியான நேரத்தில்தான் வந்தேன் என்பார். தன் வாழ்க்கை வரலாற்று நூலுக்கும் அந்தப் பொருளிலேயே தலைப்பு வைத்தார். பெய்ஜையும் கிப்சனையும் கண்ணால் பார்த்தவன் நான், என்மேல் ஏன் இரக்கம் என்பது அவர் வாதம்.

2006ஆம் ஆண்டு. கறுப்பின லீக்குகளைச் சேர்ந்தவர்களை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்க 12 பேர் கொண்ட சிறப்புக் குழு அமைக்கப்பட்டது. இறுதிப் பட்டியலில் 39 பெயர்கள். அவர்களில் உயிரோடு இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஓநீல். பிப்ரவரி 27 அன்று அருங்காட்சியகத்தில் நண்பர்கள் கூடிக் காத்திருந்தார்கள். 17 பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மோனார்க்ஸ் அணியின் பழைய முதலாளி வில்கின்சன் பெயர்கூட இருந்தது. ஓநீல் பெயர் இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். வெறும் ஆட்டக் கணக்கை மட்டும் பார்த்தால், அவர் கிப்சனுக்கோ பெய்ஜுக்கோ இணையானவர் அல்ல. ஆனால் ஆட்டக்காரர், மேலாளர், ஸ்கவுட், கோச், அழிந்துபோன ஒரு லீக்கின் நினைவைக் காத்தவர் என்று எழுபது வருட உழைப்பையும் சேர்த்துப் பார்க்க ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை போலும். மதிப்பெண் பட்டியலில் எல்லாப் பாடமும் இருப்பதில்லை.

கூடியிருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். அவர்களைத் தேற்றியவர் ஓநீல். தேர்வான 17 பேரும் இறந்துபோனவர்கள் ஆயிற்றே, அவர்கள் சார்பில் விழாவில் பேச ஒருவர் வேண்டுமே என்று பேச்சு வந்தது. அதற்கும் அவரே ஒப்புக்கொண்டார். ஜூலை 30 அன்று கூப்பர்ஸ்டவுன் மேடையில், தன்னைச் சேர்த்துக்கொள்ளாத சபையில், தன்னைத் தாண்டித் தேர்வானவர்களுக்காகப் பேசினார். தாயையும் மனைவியையும் கொண்டுபோன புற்றுநோயை வெறுக்கிறேன், ஆனால் மனிதனை வெறுக்க எனக்குத் தெரியாது என்ற பொருளில் பேசினார். கடைசியில் கூட்டம் முழுவதையும் கைகோத்துக்கொள்ளச் சொல்லி, அன்பைப் பற்றிய ஒரு சிறு பாட்டைப் பாட வைத்தார்.

பத்து வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 6 அன்று, தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார். டிசம்பரில் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான ஜனாதிபதி சுதந்திரப் பதக்கத்தை, அவர் சார்பில் தம்பி வாரன் பெற்றுக்கொண்டார். 2021 டிசம்பரில் வேறொரு குழு அவரை ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தது. 2022 ஜூலை 24 அன்று அவர் பெயர் அங்கே ஏறியது. அவர் மருமகள் முறையான உறவுக்காரப் பெண் மேடையில் நின்றார்.

இந்தக் கதையை அமெரிக்காவில் பெரும்பாலும் அவருடைய பெருந்தன்மையைப் புகழ்ந்து முடிக்கிறார்கள். புகழவேண்டியதுதான். ஆனால் என் மாணவர்களுக்கு நான் வேறொன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் சிரித்த முகத்தோடு பொறுத்துக்கொண்டார் என்பதால், அவருக்குச் செய்த அநியாயம் சிறியதாகிவிடாது. பதக்கம் அவர் கைக்கு வரவேண்டிய காலத்தில் வரவில்லை. மூன்றாம் பேஸ் அருகே நிற்கும் அந்தச் சாதாரண வேலை வரவே இல்லை. அவருடைய பொறுமை அவருக்குப் பெருமை. அதைச் சோதித்தவர்களுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

உங்களில் பலர் இன்று அதிகாரிகளாக, மேலாளர்களாக, தலைமையாசிரியர்களாக இருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் வேலை கற்றுக்கொடுத்துவிட்டு, அவர்கள் மேலே போவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருடைய பொறுமையைப் பாராட்டப் பிரிவுபசார விழாவரை காத்திருக்காதீர்கள். அவர் முறை வரும்போது, தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடாமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவரைக் கூப்பிடுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். லூ பிராக்கின் எச்சில் உருண்டைக் கதை அவர்களுக்குப் பிடிக்கும்.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்